சாப்பிட்டாச்சு மிஸ்

எஹலியகொட,
மேல் லயம்,
வியாழக்கிழமை மத்தியானம்.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் ஸ்டீபன் அவர்களுக்கு, உங்கள் தங்கை தெரேசம்மாவின் புருஷன் அல்பிரட் தலை வணங்கி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு நலம் என்று எழுதினால் நீங்கள் இந்தக் கடிதத்தை அந்த இடத்திலேயே கிழித்துப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நலம். உங்கள் நலமும், உங்கள் வீட்டு அக்காவின் முழங்கால் வலியின் நலமும் அறிய ஆவல்.

நேற்று நீங்கள் பாறூக் நானா கடைக்குப் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வேனில் வந்து தெரேசம்மாவை உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போகப் போவதாகச் சொன்னீர்களாம். அது மட்டுமா, "அந்த மனுசன் என் தங்கச்சியப் பட்டினி போட்டே கொல்லப் பாக்குறான்" என்றும் சொன்னீர்களாம். மச்சான், நானாவுக்குக் காது மந்தம், அவர் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கடையில் மா வாங்க நின்றவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் போய் ஒரு பீடிக்கட்டுக் கேட்டால் நானா என் முகத்தைப் பார்க்காமல் எடுத்து வைக்கிறார். இதை உங்களுக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே போன் ஆராய்ச்சிக்காரர்களுடையது. அதில் மூச்சு விட்டாலும் கொழும்புக்குப் போகும் என்று பேச்சு. அதனால்தான் கடிதம். நானா நாளைக்கு ஜும்மாவுக்கு மாவனல்லையில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார், வழியில் உங்களிடம் கொடுப்பார். நடந்தது முழுவதையும் எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எல்லாம் அந்தப் போனால் வந்தது. மழைக்கு முன்னால் நிலக்சி என்று ஒரு மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தங்கமான பிள்ளை, குறை சொல்லக் கூடாது. தோட்டத்துச் சனம் என்ன சாப்பிடுகிறது என்று ஆராய்ச்சியாம். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்தார். "ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம் அம்மா. நாளைக்குக் கேட்டால் நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோம், அதால உடனுக்குடனை கேக்கிறம். மணி அடிக்கேக்க என்ன சாப்பிட்டனீங்களோ அதை வாயால சொன்னால் காணும்" என்றார். உங்கள் தங்கையும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அதுக்கென்ன மிஸ், சொல்லிருவோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பிடித்தது சனி. காலையில் மணி, மலையில் பால் வெட்டும்போது மணி, மத்தியானம் மணி, விளக்கு வைக்கும் நேரத்தில் மணி. போனுக்குள்ளிருந்து பதிவு பண்ணின ஒரு பொம்பிளைக் குரல் கேட்கும்: என்ன சாப்பிட்டீர்கள், யாருடன் சாப்பிட்டீர்கள், வயிறு நிறைந்ததா?

மச்சான், உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயில் மூப்பர், நாலு இடம் போகிற ஆள். நம்ம ஆட்களிடம் ஒருவர் சாப்பிட்டீங்களா என்று கேட்டால் என்ன சொல்லுவோம்? குடல் முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் "ஆச்சுங்க, நீங்க?" என்றுதானே சொல்லுவோம்? இல்லை என்று சொன்னால் கேட்டவர் தன் சோற்றில் பாதியை எடுத்துத் தர வேண்டி வரும். அவர் வீட்டுச் சட்டியிலும் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? வாசலில் நிற்கிற ஆளை அப்படிச் சங்கடப்படுத்துவது மனுசத்தன்மையா? அந்த மரியாதையைத்தான் உங்கள் தங்கை போனுக்கும் கொடுத்தாள். முதல் மணிக்கு அவள் வெறும் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சு மிஸ். நீங்க சாப்டீங்களா?" என்றாள். போன் பதில் சொல்லவில்லை. "பாவம், அந்தப் புள்ள இன்னும் சாப்புடல போல" என்று இவள் கவலைப்பட்டாள்.

அதோடு விட்டதா? ஒற்றை அறைக் காம்பராச் சுவர் உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி அவிப்பார்கள். பக்கத்து வீட்டுச் சர்மிளா தன் போனுக்கு, "சோறு, பருப்பு, கருவாட்டுக் கொழம்பு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். இவள் விடுவாளா? "சோறு, கோழிக்கறி, முட்டப் பொரியல்" என்றாள். அடுத்த மணிக்குச் சர்மிளா வீட்டில் ஆட்டிறைச்சி. மூன்றாம் வீட்டில் பாயசமே காய்ச்சினார்கள், கிறிஸ்மஸுக்குக்கூடக் காய்ச்சாதவர்கள். லயத்தில் அப்போது கோழி என்று இருந்தது ஒரே ஒரு சேவல், அதுவும் இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து கூரையை விட்டு இறங்கவில்லை. எனக்கே ஒரு நாள் நாக்கு ஊறிப்போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தேன். மரவள்ளிக்கிழங்குதான் கிடந்தது. "எங்கடி கோழி?" என்றேன். "அது மிஸ்ஸுக்கு. நீங்க பேசாம கெழங்கத் தின்னுங்க" என்றாள்.

கோயிலில் நடந்த அவமானத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்து முழங்காலில் நிற்கிறாள், மடியில் மணி அடிக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கோயில் முழுக்கக் கேட்கிறது. இவளுக்குப் பொய் சொல்லவும் பயம், பீடத்துக்கு முன்னால் நிற்கிறாளே. வாயைப் பொத்திக்கொண்டு, "நற்கருணை மிஸ்" என்றாள். யாருடன் சாப்பிட்டீர்கள்? "கோயில் சனத்தோட." வயிறு நிறைந்ததா? ஃபாதர் திரும்பிப் பார்க்கிறார், பாட்டுக்காரப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இவள் மட்டும் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றாள். அன்று காலையில் அவள் வேறொன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? பூசைக்கு முன்னால் ஒருசந்தி விரதம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிய விடிய ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, வெட்டில்லாவிட்டால் சம்பளப் புத்தகத்தில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. எனக்கு ரப்பர் ஸ்டோர் மெஷினில் கால் நசுங்கியதிலிருந்து அவள் கைதானே இந்த வீட்டுக்குக் கை? லயம் முழுக்க இதே கதை. அந்த நேரம் பார்த்துப் போன் புதிதாக ஒன்று கேட்டது, சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி. பெண்கள் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கூடி மாநாடு போட்டார்கள். பாறூக் நானா கடையில் ஒரு அவித்த முட்டையைக் கடன் சொல்லி வாங்கினார்கள். தின்ன இல்லை மச்சான், படம் எடுக்க. அந்த முட்டை சர்மிளா வீட்டுப் பீங்கான் தட்டில் இருந்து படம் எடுத்துக்கொண்டது, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது, பிறகு ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கி, லயக் கோடி வரை ஊர்வலம் போனது. கடைசி வீட்டில் ஒருத்தி கை நழுவிக் கீழே போட்டாள், சேவல் கொத்திக்கொண்டு போய்விட்டது. முட்டையைச் சேவல் தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் மிஸ் மறுபடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "உங்கட லயத்தில எல்லாரும் நல்ல வடிவாச் சாப்பிடுறியள் அம்மா. எங்கட வீட்டிலயே இவ்வளவு இல்லை" என்றார். போனில் சொன்ன கணக்கைப் பார்த்துத்தான் எந்தத் தோட்டத்துக்குச் சத்துமா கொடுப்பது என்று மேலே முடிவு செய்தார்களாம். கீழ்த் தோட்டத்துக்கு மா வந்தது, நமக்கு வரவில்லை. "அவளுக வெக்கமில்லாம ஒன்னுமில்ல ஒன்னுமில்லன்னு சொல்லியிருக்காளுக மிஸ்" என்று சர்மிளா பல்லைக் கடித்தாள். மிஸ்ஸுக்கு எதுவோ விளங்கி முகம் மாறியது. "அம்மா, உண்மையாச் சாப்பிட்டனீங்களோ?" என்று உங்கள் தங்கை கையைப் பிடித்துக் கேட்டார். இவள் சிரித்துக்கொண்டே, "சாப்பிட்டாச்சு மிஸ், இருங்க டீ ஊத்துறேன்" என்று உள்ளே போய், இருந்த கடைசிச் சீனியைப் போட்டு அந்தப் பிள்ளைக்கு டீ கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வெயிலுக்கு மலைக்குப் போனவள் மரத்தடியில் விழுந்தாள். வாளிப் பால் அத்தனையும் அவள் மேலேயே கொட்டியது. மலையில் வேலை பார்க்கிற பீல்ட் மாத்தயா திரீவீல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டொக்டர் நோனா, சிங்களப் பொம்பிளை, கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மொனவத கேவே?" என்று சிங்களத்தில் கேட்டார், என்ன சாப்பிட்டாய் என்று. பாதி மயக்கத்தில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே, "சாப்பிட்டாச்சு மிஸ். கோழிக்கறி" என்றாள். நோனா அவள் கை எலும்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். மச்சான், என் வயிறு முன்னால் தள்ளியிருப்பது வாயு. நாலு பேர் முன்னால் அதையெல்லாம் எப்படி விளக்குவது? இந்த உடம்பில் இரத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை, இவள் கனகாலமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று நோனா சொன்னார். அந்த வார்த்தைதான் யார் வாயிலோ ஏறி உங்கள் காதுக்கு வந்து, நான் கொலைகாரனாகிவிட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? அவள் போடுகிறாள், நான் சாப்பிடுகிறேன். நீ சாப்பிடு என்றால், "பானையில இருக்கு, நான் பொறகு சாப்புடுறேன்" என்பாள். நான் கை கழுவி, வெற்றிலை போட்டு, வாசலில் உட்கார்ந்துவிட்டு உள்ளே வந்தால் பானை கழுவிக் கவிழ்த்திருக்கும். பானை கழுவியிருந்தால் சாப்பிட்டாள் என்றுதானே அர்த்தம்? அக்கா சாப்பிடுவதை நீங்கள் என்றைக்காவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கோபப்படாதீர்கள், ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

இப்போது நிலைமை அப்படியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள் முதல் என் முன்னால் உட்கார வைத்துத்தான் சாப்பாடு. எனக்கொரு பீங்கான், அவளுக்கொரு பீங்கான். நான் கண்ணால் பார்க்கிறேன், பிசைந்து வாயில் வைக்கிறாள். சொல்லப்போனால் வீட்டில் இப்போது சோறு மிஞ்சுகிறது. "மருந்து குடிச்சு வாயெல்லாம் கசப்பு, வீணாப் போவுது, நீங்க தின்னுங்க" என்று தன் பீங்கானில் மீதியை எனக்கே தள்ளி விடுகிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடக்கிற வீட்டில் இப்படி நடக்குமா? இன்றைக்கு மத்தியானமும் அப்படித்தான், நானே தின்று தீர்த்தேன். ராத்திரிக்கும் பானையில் இருக்கிறது என்றாள்.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டாம். லயத்துச் சனம் வாசலுக்கு வாசல் நின்று வேடிக்கை பார்க்கும். அதையும் நான் தாங்கிக்கொள்ளுவேன். ஆனா அவ இல்லாம இந்தக் காம்பராவுல எனக்கு இருக்க முடியாதுங்க மச்சான். காலும் சரியில்லாதவன், பேச்சுத் துணைக்கும் ஆளில்லாம எந்தச் சுவரப் பாத்துக்கிட்டு இருப்பேன்? உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், அவளக் கூட்டிப் போயிராதீங்க. நான் நல்லாப் பாத்துக்குறேன், மாதா மேல சத்தியம்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு முத்தம். மழையும் பசியும் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் தேவமாதா காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் மரியாதை மறக்காத மச்சான்,
அல்பிரட்

பி.கு.: மேலே எழுதினதெல்லாம் விட்டுருங்க மச்சான். கவரை ஒட்ட ஒரு சோத்துப் பருக்கை எடுப்போமேன்னு பானையத் தெறந்தேன். ஒரு பருக்கை இல்ல. கழுவித் தொடச்சு வச்சிருக்கா. கேப்போம்னு பீலிப் பக்கம் போனா, அங்க மணி அடிக்குது. நான் மரத்து மறைவுல நிக்கிறது அவளுக்குத் தெரியாது. போனை வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு மெதுவாச் சொல்றா, "ஒன்னும் சாப்புடல மிஸ். நேத்தும் இல்ல. ரொம்பப் பசிக்குது. எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க, அந்த மனுசன் சாப்புடாமக் கெடந்துருவாரு." ஞாயிறு வரைக்கும் வேண்டாம் மச்சான். இது கைக்குக் கெடச்ச உடனே வேன எடுத்துக்கிட்டு வாங்க, சனிக்கிழமை விடியவே வந்து கூட்டிப் போயிருங்க. மாட்டேன்னு அழுவா, விடாதீங்க. கடிதத்தை ஒட்டாமத்தான் குடுக்குறேன், நானா படிச்சாப் படிக்கட்டும். வந்து எறங்கின உடனே அவகிட்ட சாப்டியான்னு மட்டும் கேக்காதீங்க. சோறு கட்டிக்கிட்டு வாங்க.