செவலைக் காளையும் சீமை வளையமும்

தேரூர்,
கொல்லம் 1130 மாசி, கதிர் அறுத்த மறுவாரம்.

கடல் பல தாண்டி, சீமைக் குளிரிலும் திருநீறு மறவாமல் (ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்) கல்வி பயிலும் மருமகன் சிரஞ்சீவி தாணுவுக்கு, தாய்மாமன் ஆறுமுகப்பெருமாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மை மீனாட்சியம்மாள் சுகம், மாடுகளும் சுகம். தாழக்குடி கணபதியப்பன் அவர்கள் இடுப்பு நீங்கலாக சுகம். அந்த இடுப்பின் வரலாறுதான் இந்தக் கடிதம்.

கட்டினால் பகவதியைத்தான் கட்டுவேன், மாமா போய் அவள் அப்பாவிடம் பேசட்டும், ஆனால் கூட்டியும் குறைத்தும் பேச வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். குறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு என்றுமே கிடையாது. போனேன். கணபதியப்பன் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார். "ஓய், உம்ம மருமகன் அங்க குண்டு செய்யானாமே. நாளைக்கு என் பொண்ணு அடுக்களையில எதையாவது போட்டுக் கிண்டினான்னா? வடசேரியில ஒரு கடைக்கார வீட்டுல பொண்ணு கேக்காவ. அவனுக்குக் கிண்டத் தெரியாது, நிறுக்கத்தான் தெரியும்." எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் எட்டாங் கிளாஸ் வாசல் வரை போனவன் அல்லவா, விடுவேனா. உன் கடிதத்தில் நீ விளக்கியிருந்ததை அப்படியே எடுத்துச் சொன்னேன். குண்டு இல்லை, அது ஒரு பெரிய வளையக் குழாய், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கோடி கோடியாகச் சுற்றி ஓடும், எல்லாம் ஒரே மின்சாரம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும், நேராக ஓடாமல் இப்படியும் அப்படியும் அசைந்தாடித்தான் ஓடும், கூட்டம் கூடினால் அந்த ஆட்டத்தின் தாளம் மாறும், அப்படி மாறி ஒரு சுற்றுக்கு மிச்சமில்லாமல் இத்தனை ஆட்டம் என்று அமைந்துவிட்டால், வழியில் இருக்கும் ஒரு சின்னக் கோணல் ஒவ்வொரு சுற்றிலும் அதே பக்கமாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் கொண்டுபோய்ச் சுவரில் மோதவிடும், அப்படி மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் என் மருமகன் உத்தியோகம் என்றேன். அந்தக் குழாய் நம் மாணிக்கப்புத்தேரிக் குளத்தை மூன்று தடவை வளைக்கும் என்பதை மட்டும் நானாகச் சேர்த்தேன். கணபதியப்பன் "ஒண்ணும் விளங்கல்ல வே" என்றார். "வெள்ளிக்கிழமை எங்க களத்துக்கு வாரும், கண்ணால காட்டுகேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லும் முன்பே வண்டியேறிவிட்டேன்.

ஏற்பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும் மக்கா. கதிரை மிதித்துச் சூடடிக்கிற மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றவிடுவது நம் வழக்கம். துணுக்குகளுக்கு ஏது கயிறு? அவிழ்த்துவிடு என்றேன். மாடு என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, தள்ளிக்கொள்ளாதே என்று யோசித்து, ஊரில் யாரோடும் சேராத காளைகளாகப் பொறுக்கினேன். போதாததற்கு, தாழக்குடியிலிருந்து வண்டிக்காரன் பொன்னுலிங்கம் தன்னுடைய செவலையை ஓட்டி வந்தான். அது தன் நிழலோடும் பேசாத காளை. நடுவில் வைக்கோலைக் குவித்து, சுற்றிலும் கதிரைப் பரப்பி, வெளியே வைக்கோல் அடுக்கிய படப்பை ஒட்டி ஒரு சாய்வு நாற்காலியும் போட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை கணபதியப்பன் தோளில் சரிகை நேரியதும் கையில் வெற்றிலைத் தட்டுமாக வந்தார். கூடவே பகவதி. நாகர்கோவிலில் இன்டர்மீடியட் கணக்குப் படித்த பிள்ளை, முகத்தில் ஒரு சிரிப்பு. அவர் வந்ததும் வராததுமாக, "ஓய், ஒரு காரியம் சொல்லணும்" என்றார். "கண்ணால பாத்த பொறவு சொல்லும்" என்று தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தேன்.

பொன்னுலிங்கம் "பொலி, பொலி" என்று குரல் கொடுத்தான். மாடுகள் நடந்தன. நடந்தது என்ன, சண்டைதான் போட்டன. ஒன்று இடிக்க மற்றொன்று விலக, வளையம் பருத்துக்கொண்டே போனது. "பைய ஓடும்போதுதான் தள்ளு ஜாஸ்தி மாமா, வேகம் வந்தா குறையும்" என்றாள் பகவதி. இதை நானே சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் செவலையின் வித்தை தொடங்கிவிட்டது. களத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு குழி. ஒவ்வொரு சுற்றிலும் அதே குழியில் அதே கால். ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கமாக ஒரு தள்ளு. வெளிப்பக்கம் என்றால் நாற்காலிப் பக்கம். ஒரு சுற்றில் அதன் மூச்சு கணபதியப்பன் மேல் பட்டது. அடுத்த சுற்றில் வால் வெற்றிலைத் தட்டைத் தட்டிவிட்டது. அதற்கடுத்த சுற்றில் சரிகை நேரியது கொம்பிலே ஏறிவிட்டது.

இங்கேதான் மருமகனே, நம் நாஞ்சில் நாட்டுச் சங்கடம். நிறுத்து என்று கத்த அவர் வாயைத் திறந்தார். நெல் கிடக்கிற களத்தில் நிறுத்து, போதும், இல்லை என்றெல்லாம் சொல்லலாமா? விளைச்சல் குன்றிப் போகாதா? பரம்பரை விவசாயி. திறந்த வாயில் வந்தது விளைச்சலைப் பெருகச் சொல்கிற "பொலி". மாடுகளுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், ஓடு என்று. அவை ஓட, இவர் பயந்து இன்னும் பலமாக "பொலி, பொலி" என்க, அவை பறந்தன. பின்னால் படப்பு, முன்னால் கொம்பு, வேறு வழியில்லாமல் கணபதியப்பனும் வளையத்துக்குள் குதித்துக் கூடவே ஓடினார். ஆரல்வாய்மொழிக் காற்று அன்று வீசவில்லை, நின்று வேடிக்கை பார்த்தது என்றுதான் ஊரில் பேச்சு.

இனிமேல்தான் அதிசயம். வேகம் வந்ததும் மாடுகளுக்குச் சண்டை போட நேரமில்லை. பருத்த வளையம் சுருங்கியது. எட்டு வைக்கும் தூரம் மாறியதால் செவலையின் கால் குழிக்கு முந்தியோ பிந்தியோ விழுந்தது, குழியில் விழவில்லை. ஆட்டம் அடங்கி, கோயில் காளை மாதிரி நேராக ஓடியது. நடுவில் கணபதியப்பன், ஒரு கீறல் இல்லாமல். பகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இதேதாம்ப்பா. தாளம் தப்பினதாலதான் நீங்க தப்பினீய."

பொன்னுலிங்கம் அகத்திக்கீரைக் கட்டைக் காட்டியதும் மாடுகள் நின்றன. நிற்கத் தெரியாமல் இன்னும் ஒரு சுற்று ஓடியவர் கணபதியப்பன் மட்டுமே. அந்தக் குழி அவருக்காகக் காத்திருந்தது. விழுந்தார். இடுப்பு.

படுத்தபடியே கேட்டார். "வே, குண்டு எங்க?"

"குண்டே கிடையாது அண்ணாச்சி. ஓடுகதைப் பாக்கணும், ஆடுகதைப் பாக்கணும், முட்டாமப் பாத்துக்கிடணும். அவன் சோலி அம்புட்டுதான்."

"எனக்கும் இத்தனை வருசமா வீட்டுல அதே சோலிதான். சித்திரையில நாளு பாரும்."

ஆகவே மருமகனே, உன் கல்யாணத்தை நிச்சயம் பண்ணியது உன் மாமனின் விஞ்ஞானம். உன் வாத்தியார்மாரிடம் சொல், சந்தேகம் இருந்தால் தேரூருக்கு எழுதட்டும். நீயும் பகவதியும் ஒரே மின்சாரமாக இருந்து தள்ளிக்கொள்ளாமல், ஒருவர் கூட்டலும் ஒருவர் கழித்தலுமாக ஒட்டிக்கொண்டு, வீடு நிறைய, களம் நிறைய வாழ தாணுமாலயன் துணை.

இப்படிக்கு
உன் தாய்மாமன்
ஆறுமுகப்பெருமாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பொன்னுலிங்கம் வந்து ஒரு சங்கதி சொல்கிறான். பகவதி உன்னைத் தவிர யாரையும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட, கணபதியப்பன் வியாழக்கிழமையே வடசேரிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். சம்மதம் சொல்லத்தான் களத்துக்கு வந்தாராம். நான்தான் வாயைத் திறக்க விடவில்லையாம். அந்தக் குழியையும் பகவதிதான் ஆள் சொல்லி வெட்ட வைத்திருக்கிறாள், குழி இல்லாமல் மாமா காட்டினால் கணக்கு தப்பிப்போகும் என்று. நாற்காலியை எங்கே போட வேண்டும் என்பதும் பொன்னுலிங்கத்திடம் அவள் சொல்லி அனுப்பிய இடம்தான். அந்தப் பிள்ளையிடம் நீ பார்த்து நடந்துகொள். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடு, மேலே உள்ளதை நாலு பேருக்கு வாசித்துக் காட்டு.