பெட்டியர் வீட்டுக் கதிரை

எந்த வயரையும் காதால் கேட்டே அடையாளம் காணக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார் என்றும், அவர் திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையின் கடைசி வீட்டில் வசித்தார் என்றும் நான் எழுதினால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு, அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்துப் பெட்டியர் என்று பெயரும் வைத்தோம்.

துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மின்வேலை பார்த்தவர் அவர். ஓய்வுபெற்ற கையோடு, வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, வெளிநாட்டிலிருந்து இரண்டு ஒலிபெருக்கிகளை வரவழைத்தார். இரண்டும் ஆளுயரம். லொறியிலிருந்து இறங்கியபோது ஒழுங்கைப் பெண்கள் அவற்றை அலுமாரி என்று நினைத்து, எந்த மகளுக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள். அவருக்குப் பிள்ளைகளே இல்லை.

அன்றிலிருந்து அவ்வீட்டுச் சட்டதிட்டங்கள் மாறின. குளிர்சாதனப் பெட்டி ஓடினால் மின்சாரம் கலங்குகிறதாம்; ஆகவே மாலையில் அதை நிறுத்திவிடுவார். மீன் அயல்வீட்டுக்குக் குடிபோகும். மண்டபத்தில் வருவோருக்கு ஒரேயொரு கதிரை. அதன் நான்கு கால்களும் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் பெயின்ற்றால் குறித்திருந்தார். ஒரு விரல் அளவு விலகினாலும் எழுப்பிவிட்டுச் சரிசெய்வார். அவருடைய மனைவி என்னிடம் ஒருநாள் சொன்னார்: "நான் குசினி அடுப்படியில விழுந்து கிடந்து கூப்பிட்டாலும் இவருக்குக் கேக்காது சேர். ஒரு முழம் வயர் மாத்தினாக் கேக்கும்."

விருந்தாளிகளுக்கு அவர் வைக்கும் பரீட்சை பிரசித்தமானது. மண்டபத்தின் குறுக்கே பழைய சேலையொன்று தொங்கும். அதன் பின்னால் நின்று அவர் அம்பிளிபயரையோ வயரையோ மாற்றுவார். கதிரையில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். இசை ஓடும்போது எவரும் அசையக்கூடாது. ஒருமுறை, எங்கள் ஊர் வீதிகளில் ஆடுமாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று முற்றத்தால் வந்து உள்ளே தலையை நீட்டிச் சேலைத் தலைப்பை மென்று முடிக்கும்வரை, கதிரையில் ஒருவரும் தரையில் இருவருமாக நாங்கள் மூவர் சிலைபோல இருந்தோம்.

"மற்ற ஸ்பீக்கர் எல்லாம் பூசி மெழுகிப்போடும் சேர்," என்பார். "இதுகள் கோள் சொல்லுற சாதி. பின்னுக்கு எந்தச் சாமான் பழுதெண்டாலும் காட்டிக் குடுத்துப்போடும்."

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையை எழுதவேண்டியிருக்கிறது. எழுத விருப்பமில்லை, எழுதாவிட்டால் மற்றவை விளங்கா. நான் கல்லூரியில் உப அதிபராக இருந்தவன். கோயில் இசைவிழாக் குழுவின் தலைவன். எந்த நாதஸ்வரக் குழுவை அழைப்பது என்பது என் தீர்ப்பு. அந்தத் தலைவனுக்குச் சில ஆண்டுகளாகக் காது மந்தம். முகத்தைப் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் அந்த மேடையில் எனக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே பெட்டியரின் பரீட்சைகளில் நான் சொற்களைக் கொண்டு சித்தியடைந்து வந்தேன். "முன்னதிலும் இதில் ஒரு கனிவு இருக்கிறது," என்பேன். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெட்டியர் மட்டும் வயரைக் கழற்றி மறுபடி மாட்டுவார்.

பரீட்சைக்கு அவர் வைத்திருந்தது ஒரேயொரு பதிவு. முன்னொரு வருடத் திருவிழாவில் தாமே நின்று பதிந்த நாதஸ்வரக் கச்சேரி. ஒருநாள் மாலை நாங்கள் இருவரும் தனித்திருந்தபோது அதைப் போட்டுவிட்டு, சேலைக்கு வெளியே தலையை நீட்டினார்.

"தவில் ஓயுற இடத்தில பின்னால ஒருத்தன் கதைக்கிறது கேக்குதோ சேர்?"

"மிகத் தெளிவாக."

"என்ன சொல்லுறான்?"

நான் தயங்கவில்லை. "ஆரோ பண்பில்லாத ஆள். கச்சேரி நடக்கேக்க அலட்டிக்கொண்டிருக்கிறான்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதன்பின் அவருக்குப் பைத்தியம் முற்றியது என்றே நினைத்தேன். வாரந்தோறும் என்னை அழைத்தார். ஒரு வாரம் அம்பிளிபயர் புதியது. மறுவாரம் பாட்டுப்போடும் கருவி புதியது. பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்த, பாம்புத் தடிப்பில் ஒரு வயர். ஒவ்வொரு முறையும் அதே பதிவு, அதே கேள்வி. நானும் அதே பதிலைச் சொன்னேன்.

கடைசியாகப் போன அன்று கேற்றடி வரை கூடவே வந்தார். ஒழுங்கையில் ஆள் இல்லையென்று இருபக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து சொன்னார்: "எல்லாத்தையும் மாத்திப் பாத்திட்டன் சேர். மாத்தாதது ஒண்டுதான் மிச்சம். மட்டக்களப்பில ஒரு காது டொக்டர் இருக்கிறார். நான் கூட்டிக்கொண்டு போறன். ஒருத்தருக்கும் தெரியவராது."

"என்ர காதைப் பற்றிக் கதைக்க நீர் ஆர்?" என்று கேட்டேன். பாரந்தூக்கிக்கு வயர் கட்டியவர் எனக்குச் செவி பார்க்கவேண்டியதில்லை என்றும் சொன்னேன். அவர் கேற்றைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான்.

இரண்டு தடவை ஆளனுப்பினார். நான் போகவில்லை. அந்த வருடம் எட்டாம் மாதம், ஒருநாள் காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மரணவீட்டில் முன்வரிசையில் இருந்தேன். இரங்கலுரை ஆற்றும்படி கேட்டார்கள், ஆற்றினேன். நல்ல தொழிலாளி என்றேன். அவருடைய மனைவி என்னிடம் ஏதோ சொன்னார். அழுகைச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கழிந்த மறுநாள், தெரிந்தவர் எவரும் காணாதிருக்க, முதல் பஸ்ஸில் வெருகல் தாண்டி மட்டக்களப்புக்குத் தனியே போனேன். டொக்டரின் வாசலில் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். "சேர், நீங்களோ? என்னைத் தெரியேல்லையோ? நீங்கள் அடிச்ச அடி இன்னும் நோகுது." நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியர் பக்கத்தில் நின்றிருந்தால் எப்படியும் சமாளித்திருப்பார்.

டொக்டர் தந்த கேட்கும் கருவி காதுக்குப் பழக ஒரு மாதம் சென்றது. பிறகு பெட்டியர் வீட்டுக்குப் போனேன். மரணவீட்டில் என்ன சொன்னீர்கள் என்று மனைவியிடம் நேராகவே கேட்டேன்.

"அந்தப் பதிவைச் சேர் ஒருக்காக் கேக்கவேணும் எண்டு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர். அதைத்தான் சொன்னனான்," என்றார். "எனக்கு ஒண்டும் மாத்தத் தெரியாது சேர். இருந்தபடி போடுறன்."

கதிரையில் இருந்தேன். நாதஸ்வரம் எழுந்தது. இத்தனை காலமும் கனிவு, கம்பீரம் என்று நான் வர்ணித்துவந்தது இதையல்ல என்பது முதல் மூச்சிலேயே தெரிந்தது. தவில் ஓய்ந்த ஓர் இடைவெளியில், கூட்டத்தின் பின்னாலிருந்து, அடக்கிய குரலில் ஒருவர் சொன்னார்:

"சேர் நிக்கிறார். அந்தக் கதிரையை அவருக்குக் குடுங்கோ."

பெட்டியரின் குரல். அந்தத் திருவிழாக் கச்சேரிக்கு நான் பிந்திப் போனதும், எங்கிருந்தோ ஒரு கதிரை வந்ததும் நினைவிருக்கிறது. என் பதவிக்கு வந்த கதிரை என்று நினைத்து, திரும்பிப் பாராமல் அமர்ந்தேன்.

இசைவிழாக் குழுவிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். காதில் இருப்பதை இப்போது மறைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டுக்குப் போகிறேன். போனதும், குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டு, கதிரையின் நான்கு கால்களும் அடையாளத்தின்மேல் சரியாக நிற்கின்றனவா என்று குனிந்து பார்க்கிறேன்.