அம்மாவுக்கு வந்த நட்பு அழைப்புகள்

சமூக ஊடகத்தில் மாணவர்களைத் தள்ளி வைப்பது எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்கே பாடம் எடுக்கப் போனவன் நான். எனக்கு என்ன நடந்திருக்கும் என்பதை நீங்கள் இப்போதே ஊகித்திருப்பீர்கள். ஆனாலும் முழுவதையும் சொன்னால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய டண்டினொங் நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம். வருட முடிவில் என்னை நிரந்தரமாக்குவதா, கைகுலுக்கி அனுப்புவதா என்று பள்ளி அதிபர் முடிவு செய்வார். ஆகவே முகநூலை இறுக்கிப் பூட்டினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் நட்பு அழைப்புகளை ஒன்றுவிடாமல் மறுத்தேன். "நான் உங்கள் ஆசிரியர், நண்பன் அல்ல" என்று வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். (மரியாதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.)

அதைவிடப் பெருமை என் திடீர்ப் பரீட்சைகள். மூச்சுக் காட்டாமல் வைப்பேன். வகுப்பு வெளுத்து வாங்கும். பைதகரஸ் தேற்றத்தில் பாதிப் பேர் முழுப் புள்ளி. எப்படிச் சாதிக்கிறீர்கள் என்று அதிபர் கேட்டார். "எல்லை வகுத்தால் மரியாதை வரும், மரியாதை வந்தால் படிப்பு வரும்" என்றேன். (அந்த வயதில் இப்படியெல்லாம் பேச வந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.) அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதையே பேசச் சொன்னார். மாணவர் தரப்பில் கருத்துச் சொல்ல என் வகுப்பிலிருந்து சோஃபியாவையும் அழைத்திருந்தார்.

பதினைந்து நிமிடம் பொரிந்து தள்ளினேன். "என் சொந்த வாழ்க்கையைப் பற்றி என் மாணவர்களுக்கு எதுவுமே தெரியாது" என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஏதும் கேட்க விருப்பமா என்று அதிபர் சோஃபியாவிடம் கேட்டார்.

"சேர், உங்கள் அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி?" என்றாள் அவள், ஆங்கிலத்தில், உண்மையான அக்கறையோடு.

அம்மாவை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது. அவள் விளக்கினாள். என் பக்கத்தைத் திறக்க முடியாத பிள்ளைகள், வெளியே தெரிந்த என் ஒரே படத்துக்கு லைக் போட்டிருந்த ஒரே ஆளைப் பிடித்திருக்கிறார்கள். என் அம்மா. வகுப்பில் இருபத்திரண்டு பேர் அவருக்கு நண்பர்கள். முகநூல் கிழடுகளுக்கானது என்று சொல்லும் பிள்ளைகள் அம்மாவுக்காகவே கணக்குத் திறந்திருந்தார்கள்.

அதிபர் அவளுடைய போனை வாங்கினார். அம்மாவின் தமிழை அது ஒரே தட்டில் ஆங்கிலமாக்கிக் கொடுத்தது. த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு நான் கூட்டிப்போகாத ஒவ்வொரு ஞாயிறும் அம்மா ஒரு விளக்கம் எழுதியிருந்தார் (என்னைத் தம்பி என்றுதான் சொல்வார்): "தம்பிக்கு வேலை. நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லாமல் பரீட்சை வைக்கிறானாம். பைதகரஸ். பிள்ளையாரே, எல்லாப் பிள்ளையளும் பாஸ் பண்ண வேணும்." கீழே என் வகுப்பே இதயம் போட்டிருந்தது.

அதிபர் அதைச் சத்தமாக வாசித்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார்.

"அன்ரி, அன்ரி எண்டு கூப்பிட்டுக்கொண்டு வருகுதுகள். வாசல்லை வந்து நிக்கிற பிள்ளையளைப் போ எண்டு சொல்லுறதே?"

"அம்மா, அதுகள் பரீட்சையைத் தெரிஞ்சுகொள்ள வந்ததுகள்."

"ஓம், தெரிஞ்சுதானே படிச்சதுகள். படிக்கிறது பிழையே?"

மறுநாள் வேறு வழியில்லாமல் இதே வாதத்தை அதிபரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பழைய புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு, தன் முன்னால் மறுபடி பரீட்சை வைக்கச் சொன்னார், அம்மாவுக்குத் தெரியாமல். வைத்தேன். புள்ளிகள் கொஞ்சம்தான் இறங்கின. ஞாயிறுதோறும் அம்மாவின் தயவில் படித்தது உண்மையாகவே மண்டையில் ஏறியிருந்தது. என் வேலையும் தப்பியது.

ஆனால் பள்ளியின் விதிகளில் ஒரு வரி கூடிவிட்டது: ஆசிரியர்களின் குடும்பத்தினரும் மாணவர்களின் நட்பு அழைப்பை ஏற்கக் கூடாது. ஆசிரியர் அறையில் அதற்கு 'அம்மா விதி' என்றே பெயர். புதிதாகச் சேர்பவர்கள் அதை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் யாராவது என்னைப் புகழத் தொடங்கினால், அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வார்:

"இவன் அங்கை கணக்குத்தான் படிப்பிக்கிறான். சட்டம் போட்டது நான்."