அய்யாசாமியைக் காட்டில் விட்ட விவரம்

மைசூர்,
மாசி மாதம், 1975

கோபிநத்தம் மச்சான் அய்யாசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சுலோசனாவைக் கட்டிய குற்றத்துக்காகத் தங்களுக்கு மைத்துனனான செல்லக்கண்ணு கும்பிட்டு எழுதிக்கொண்டது. அவள் முட்டிவலி நீங்கலாக இங்கே எல்லாரும் சுகம். அங்கே ஆடு மாடு முதற்கொண்டு சுகமாயிருக்க மாதேஸ்வரன் துணை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கோபப்படக் கூடாது. நான் சமையல் வேலை பார்க்கும் வனவிலங்குச் சங்கத்துக்குப் போன வருசம் ஒரு கரடிக்குட்டி வந்தது. அதற்குத் தங்கள் பெயரை வைத்துவிட்டேன். வேண்டுமென்று வைக்கவில்லை. கூடையிலிருந்து தலையை நீட்டிச் சாப்பாட்டுக்கு முறைத்த முறைப்பில் பெயர் தானாக வாயில் வந்துவிட்டது. சுலோசனா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, பிறகு அவளே "அண்ணா, கஞ்சி குடிக்க வா" என்று அதைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

தாயைக் கொன்றுவிட்டுக் குட்டியைச் சந்தையில் விற்க வந்தவனிடமிருந்து சங்கத்தார் பிடுங்கி வந்தது அது, ராகிக் கஞ்சியும் வெல்லமும் கொடுத்து வளர்த்தேன், என் வேட்டியைப் பிடித்துக்கொண்டே அடுப்படியெல்லாம் சுற்றும், உட்கார்ந்தால் என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு மாவு மில் மாதிரி ம்ம்ம் என்று சத்தம் போடும். சங்கத் தலைவி லலிதாம்பாள் அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "செல்லக்கண்ணு, இது மனுஷாளைக் கண்டா பயந்து ஓடணும். காட்டுல விட்டப்புறம் ஊருக்குள்ள வந்து நின்னா அடிச்சே கொன்னுடுவா. பயம் வரலைன்னா ஆயுசு பூரா கூண்டுதான். வளர்த்தவன் நீ, நீதான் வெரட்டிப் பழக்கணும்" என்றார்கள்.

இதென்ன பெரிய காரியம் என்று "போடா கழுதை" என்றேன், அரை மூட்டை கனத்தோடு மடியில் வந்து உட்கார்ந்தது. "சனியனே, தொலைஞ்சு போ" என்றேன், காதை நக்கியது. அப்புறம்தான் விளங்கியது மச்சான், வந்த நாளிலிருந்து நான் அதைக் கொஞ்சியதெல்லாம் இந்த வார்த்தைகளில்தான். என்னிடம் இருந்த வசவு எல்லாவற்றையும் பாசத்துக்கே செலவழித்துவிட்டேன், திட்டுவதற்கு ஒன்றும் மீதியில்லை. தங்கள் விசயத்திலும் அப்படித்தான்.

இன்று காலை தங்கள் பக்கத்துக் காட்டில் ஜீப்பில் கொண்டுபோய் விட்டோம். இறங்கியதும் என் வேட்டி நுனியைப் பிடித்தது. கல்லை எடுத்தேன். முதல் கல்லை முகர்ந்து பார்த்தது. அடுத்தது மூக்கில் பட்டுவிட்டது மச்சான். குழந்தை மாதிரி கத்தி, என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. டிரைவர் கெம்பையன் என்னை ஓடைக்குக் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தான். "சும்னிரு அண்ணா, அழாத, தூசி விழுந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிக்கலாம்" என்றான். வழியெல்லாம் அவனுக்கும் தூசி விழுந்தது.

ஆகையால், தங்கள் கடலைக்காட்டில் அது எழுந்து நின்று கையை நீட்டினால் கும்பிடுகிறது என்று நினைக்க வேண்டாம், வெல்லம் கேட்கிறது. கொடுக்காதீர்கள். யாரையும் தடி எடுக்கவும் விடாதீர்கள். சின்னக் கல்லாகப் பார்த்துப் பின்பக்கம் எறியுங்கள். மூக்கில் வேண்டாம், அங்கே ஏற்கெனவே புண். பயம் வந்துவிட்டது, பிழைத்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்குக் கும்பிடு, சின்னவர்களுக்கு முத்தம், தங்களுக்கு வழக்கமான வசவு.

செல்லக்கண்ணு

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் கெம்பையன் ஜீப்பைக் கழுவப் போனான். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அய்யாசாமி தூங்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஓடையில் இருந்தபோது ஏறியிருக்கும். தாங்கள் கல் பொறுக்க வேண்டியதில்லை. லலிதாம்பாள் அம்மா கூண்டு அடிக்கும் ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து அளவெடுத்தார். அளவு நாடாவை அது தின்றுவிட்டது. நாளைக்கு வேறு கொண்டுவருவாராம்.