இரும்புப் புருவனை நல்லவனாக்கியது குறித்து அத்தானின் ஆட்சேபணை

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே சௌக்கியம். நீயும் உன் தூரிகைகளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்தொன்பது வருடமாக நமக்குள் பேச்சு இல்லை என்பதை நான் மறக்கவில்லை. இது பேச்சு அல்ல, எழுத்து. ஆகையால் என் வைராக்கியத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டுப் படக்கதை வரையப் போவதாக நீ வந்து நின்ற அன்று, "கோடு கிழிச்சா குடும்பம் நடக்குமா?" என்று கேட்டு உன் வரைபலகையைத் தூக்கி வாசலில் வைத்தவன் நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆறே மாதத்தில் நீயும் பழி வாங்கினாய். உன் முதல் புத்தகத்தைப் பிரித்தால், நகரத்துக் குடிநீரில் மயக்க மருந்து கலக்கும் 'இரும்புப் புருவன்' என்கிற படுபாவிக்கு என் மூஞ்சி! நடுவில் ஒட்டிக்கொண்ட என் புருவம், மோவாய் மச்சம், பேனாவை டக் டக்கென்று அமுக்கும் பழக்கம், ஒன்றையும் நீ விட்டுவைக்கவில்லை. இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் அதன் அருமை புரிந்தது. ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்? நான் காரில் ஏறி உட்கார்ந்து பேனாவை இரண்டு தரம் அமுக்கினாலே ஸ்டியரிங் பிடித்தவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். சிலர் சாவியைத் திருகக்கூட மனமின்றிக் கும்பிடு போட்டு இறங்கிவிடுவார்கள். என்னிடம் தேறியவன் உலகத்தில் எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்புவான். அந்தப் பயம் நீ போட்ட பிச்சை. ஒப்புக்கொள்கிறேன்.

நான் இப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் நீ உன் வேலையைக் காட்டினாய். முப்பத்தொன்றாம் இதழில் பாலத்தைத் தகர்க்க வந்தவன், ஆம்புலன்ஸ் ஒன்று கடந்து போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏதோ அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். ஐம்பத்தெட்டில் ஒற்றைக்கண் பூனைக்குத் தன் சாப்பாட்டில் பாதியை வைத்தான். சரி, பூனையைப் பழக்கிப் பெட்டகத்தை உடைக்கப் போகிறான் என்று மூன்று இதழ் காத்திருந்தேன். பூனை கொழுத்ததுதான் மிச்சம். தொண்ணூறில் அவனுக்கு ஒரு சோக வரலாறு வேறு! பள்ளிக்கூடம் விட்டதும் அவனை அழைத்துப்போக யாருமே வரமாட்டார்களாம். அட, என் அப்பா மணியடிப்பதற்கு முன்பே சைக்கிளோடு நிற்பாரே ஐயா! நூற்றுப் பன்னிரண்டில் கதாநாயகனையே காப்பாற்றினான். காப்பாற்றிய கையோடு அவனுக்கு ஓர் அறையும் விட்டான் என்பது மட்டும் எனக்கு ஆறுதல். கடைசியாக வந்த இதழில் நீ செய்ததோ அநியாயத்தின் உச்சம். முழுப்பக்கப் படம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், இரும்புப் புருவன் அழுகிறான்!

அதன் பலனை நேற்று முன்தினம் அனுபவித்தேன். ஒரு பெண் பின்பக்கமாக வண்டியை எடுத்தாள். வரிசையாக மூன்று கம்பங்களைச் சாய்த்தாள். நான் புருவத்தை நெரித்து, "இறங்கும்மா, ஃபெயில்" என்றேன். பழைய காலமாக இருந்தால் அழுதிருப்பாள். இவளோ இஞ்சினை நிறுத்திவிட்டு, கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, "பரவாயில்ல சார், நீங்க அழுங்க. அடக்கி வைக்காதீங்க" என்கிறாள். அடுத்து வந்தவன் மலை மாதிரி ஒரு ஆள், லாரிக்காரன். என் தோளில் கையைப் போட்டு, "யாருமே கூட்டிட்டுப் போக வரலையா சார்?" என்று தழுதழுத்தான். மூன்றாமவன் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டினான். "என்னய்யா பண்றே?" என்று அலறினால், "சட்டத்தை மீறினாலும் நோக்கம் நல்லா இருக்கணும்னு நீங்கதானே தலைவா சொன்னீங்க? மாமியார் ஸ்டேஷன்ல காத்துக்கிட்டிருக்காங்க" என்கிறான். நான் எப்போதடா சொன்னேன்? அலுவலகத்துக்குத் திரும்பினால், என் நாற்காலிக்குப் பின்னால் குமாஸ்தா உன் முழுப்பக்கப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். அன்று மாலை என் கண்ணெதிரிலேயே ஒருவன் விசிலடித்துக்கொண்டு தேர்வுக்கு வந்தான். முப்பது வருட சர்வீசில் நான் இப்படி ஆடிப்போனதே கிடையாது.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் குமுறினேன். "உன் தம்பி என்னை எதுக்கு இப்படி அசிங்கப்படுத்தறான்? குழாயைத் திறந்துவிட்டு அழறதெல்லாம் எவன் செய்வான்?" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்கதான் செஞ்சீங்க. நம்ம பொண்ணு மேல்படிப்புக்குப் போன அன்னைக்கு. முக்கால் மணி நேரம். தொட்டித் தண்ணி காலி" என்றாள். "பூனை?" என்றேன். "டிபன் பாக்ஸ் தினமும் பூனை முடியோட வருதே. எனக்கென்ன கண்ணு தெரியாதா?" ஆம்புலன்ஸுக்காக நான் நடு ரோட்டில் இறங்கிப் போக்குவரத்தை நிறுத்தியதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன்னிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். பத்தொன்பது வருடம்! என் வீட்டிலேயே எனக்கெதிராக ஒரு உளவுத்துறை! பள்ளிக்கூடக் கதை மட்டும் நீயாகக் கட்டியதாம். "எங்க அப்பா போனப்புறம் அவனைக் கூட்டிட்டு வர யாரும் இல்ல. அது அவனோட கதைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதித் துணியை நான்தான் மடித்து வைத்தேன்.

இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஆகவே இதனால் கேட்டுக்கொள்வது: அடுத்த இதழிலேயே அவனைப் பழையபடி அயோக்கியனாக்கு. ஒரு அணையையாவது உடைக்கவை. இல்லையென்றால் என் வீட்டு வாசற்படியை நீ மிதிக்கவே வேண்டாம். என் மகள், அதுதான் உன் மருமகள், உன்னை விசாரித்து எழுதியிருக்கிறாள். உன் மனைவிக்கு என் ஆசிகள். கண்ணுக்கு அதிகம் வேலை கொடுக்காதே. தீர்க்காயுசாக இரு, ஆனால் திருந்து.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தபால்காரர் உன் புதிய இதழை நீட்டுகிறார். நின்ற இடத்திலேயே படித்தேன். அடப்பாவி, அவனைக் கொன்றுவிட்டாயே! பள்ளத்தில் உருண்ட பஸ்ஸைத் தாங்கிப் பிடித்து, அத்தனை பேரையும் இறக்கிவிட்டு, பஸ்ஸோடு ஆற்றில் விழுந்துவிட்டான். தபால்காரர்தான் என்னைக் கைப்பிடித்துப் படியில் உட்காரவைத்தார். ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன்: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. அவன் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எந்தக் குழாயடியிலும் அழட்டும், எவன் வேண்டுமானாலும் விசிலடிக்கட்டும். பூதக்கண்ணாடி வைத்துக் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டேன்: ஆற்றில் பஸ் இருக்கிறது, உடல் இல்லை. பிழைத்துவிட்டான்தானே? போனில் சொன்னால் நான் நம்பமாட்டேன். நேரில் வந்து சொல்.