இன்னும் கொஞ்சம் சன்னம்

‘இன்னும் கொஞ்சம் சன்னமா இருக்கட்டுமே’ என்று சொல்லும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சலித்த மாவை மறுபடி சலிக்கச் சொல்வார்கள். துடைத்த கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் மணமக்கள் பெயரை விட்டுவிட்டு ஒற்றுப் பிழையைத் தேடுவார்கள். தங்களால் உலகம் சுத்தமாகிறது என்பது இவர்கள் எண்ணம். ஆகத்தான் ஆகிறது, சில சமயம் துடைத்துப் போட்ட மாதிரி.

இந்த இனத்துக்கே மணிமகுடம் போன்ற ஒருவர் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்த்தார். எல்லாருக்கும் அவர் சல்லடையார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே அவ்வப்போது மறந்துபோகும்.

அவர் வேலை இதுதான். பம்பு வைத்துக் குழாய் வழியே அனுப்பும் ‘மட்’ என்ற சேற்றுக் கரைசல் கிணற்றின் அடிவரை போய், உடைந்த கல்துகளைச் சுமந்துகொண்டு மேலே வரும். ஷேக்கர் என்ற அதிரும் மேடையில் அதைச் சலித்தால் கல் வெளியே விழும். மட் தொட்டிக்குத் திரும்பும். சல்லடைக் கண் பெரிதானால் மணல் உள்ளே போய்ப் பம்பை அரிக்கும். மிகச் சிறிதானாலோ மட் இறங்க வழியில்லாமல் கல்லோடு சேர்ந்து வெளியே வழியும். பாறைக்கும் ஓட்டத்துக்கும் தகுந்த கண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சல்லடையார் தேர்ந்தெடுத்தாரா? கிடங்கில் எது ஆகச் சன்னமோ அது.

தோண்டும் இயந்திரத்தை ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி. புதிதாக அந்தப் பொறுப்புக்கு வந்தவன்.

“அத்தான், இது மேல்மண்ணு. மட்டு ஆறு மாதிரி வருது. கொஞ்சம் பெரிய கண்ணு போடுங்களேன்.”

“நீ தோண்டு மாப்ளே. சலிக்கிறத நான் பாத்துக்கறேன்.”

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிற நாள் அது. சல்லடையார் விடியலிலேயே பட்டுத்துணி போன்ற புது ஸ்க்ரீன் சல்லடைகளை மாட்டிவிட்டு வரவேற்கப் போய்விட்டார். ஷேக்கரைக் கவனிக்க வேண்டியவர்கள்? கைப்பிடிக் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பப்பட்டிருந்தார்கள்.

அதிகாரி தேநீரை வாயில் வைப்பதற்குள் தொட்டியில் மட் இறங்கத் தொடங்கியது. அடியில் பாறை பிளந்தால் கிணறு அந்த மட் கரைசலைக் குடித்துவிடும். ரிக்கில் அதைவிடக் கெட்ட செய்தி அதிகம் இல்லை. எல்லாரும் ஓடிவந்து கிணற்று வாயையே பார்த்தார்கள். பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தார்கள்.

“பாறை பிளந்திருக்கு சார்,” என்றார் சல்லடையார். “அவசரப்பட்டுத் தோண்டினா இப்படித்தான்.” பெயர் சொல்லவில்லை. மச்சான் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அதிகாரி அவனிடம் திரும்பினார். “நான் கிளம்பறதுக்குள்ள இது நிக்கணும். இல்லைன்னா நீங்க வேற வேலை பாத்துக்கலாம்.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. சல்லடையாருக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒன்றைச் சலிக்காமல் அப்படியே விழுங்கினார்.

பிளவை அடைக்க மரத்தூளையும் கொட்டை ஓட்டுப் பொடியையும் மூட்டை மூட்டையாகக் கலந்து அனுப்பினார்கள். அவை கிணற்றில் அடைக்க ஒரு பிளவும் கிடைக்காமல், ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்து, சன்னமான சல்லடைக் கண்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. அதுவரை வழிந்தது ஓடை என்றால் அதற்கப்புறம் வெள்ளம்.

போன் பேசுவதற்காக அதிகாரி ஷேக்கரின் பின்பக்கம் போனார். தொப்பென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், கல் கொட்டும் குழியில், தொட்டிக்குப் போக வேண்டிய நல்ல மட்டில் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தார். போன் காதில்தான் இருந்தது.

“கெணறு குடிக்கல சார்,” என்றான் மச்சான் மெதுவாக.

எல்லாரும் இப்போது ஷேக்கரைப் பார்த்தார்கள். அப்படியே விட்டிருந்தால் ‘ஸ்க்ரீன் கோளாறு’ என்று யாராவது எழுதி முடித்திருப்பார்கள். சல்லடையார்தான் முன்னால் போனார்.

“ஸ்க்ரீன் மாட்டினது நான் சார். பெருசு போடச் சொல்லி இவன் சொன்னான். நான் கேக்கல. பாறை பிளந்துச்சுன்னு நான் சொன்னதும் பொய்யாப் போச்சு.”

அதிகாரி அவரையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். “முதல்ல அத மாத்துங்க. அப்புறம் எனக்கு ஒரு செருப்புக் குடுங்க.”

சல்லடையாரே பெரிய கண் மாட்டினார். மட் சல்லடையின் முக்கால் பாகம் வரை வந்து கீழே இறங்கி மறைந்தது. மீதிக் கால் பாகத்தில் கற்கள் மட்டும் துள்ளித் துள்ளிப் போய் விழுந்தன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்காகிட்ட சொல்ல மாட்டேன் அத்தான்,” என்றான் மச்சான்.

“சொல்லு மாப்ளே. இத்தன வருஷமா அவளும் இதத்தான் சொல்றா.”

இப்போது அவர் பாறையைப் பார்த்துக் கண் தேர்ந்தெடுக்கிறார். அதனால் அந்த இனம் அருகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இதைப் படித்துக்கொண்டு வருகையில், ‘சன்னம்’ என்பதைவிட ‘நுண்மை’ பொருத்தமாயிருக்குமே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தப்பில்லை. ஆனால் ஒரு நடை எழுந்து பின்பக்கம் போய்ப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் தங்கமுடியாமல் யார் யாரெல்லாம் வழிந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறார்களோ.