படி பதின்மூன்று: காத்திருக்கவும்

நான் எழுதியதிலேயே பெரிய கற்பனைக் கதை ஒரே ஒரு பக்கம்தான். அதற்குத் தலைப்பாக என் பெயரும், கீழே என் போன் நம்பரும் இருக்கும். உலகம் அதை ரெஸ்யூம் என்கிறது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு திண்டுக்கல்லில் கணவர் வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தபடியே பார்க்கக்கூடிய வேலை டெக்னிகல் ரைட்டிங் என்று யாரோ சொல்ல, பிடித்துக்கொண்டேன். மிக்சியோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதை யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். (நாமெல்லாம் அதைப் பிரிக்காமலே பரணில் போடுகிற கோஷ்டி.)

என் முதல் ரெஸ்யூம் நாலு பக்கம். அதில் அப்பா பெயர், ரத்த வகை, பத்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய டிபன்பாக்ஸ் எல்லாம் இருந்தது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் தோட்டக்கலை என்று போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கறிவேப்பிலைச் செடி, அதற்கும் தண்ணீர் ஊற்றுவது என் மாமியார். எட்டு மாதம் கண்ட கம்பெனிக்கெல்லாம் அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது, 'தங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று. அது மெஷின் தானாக அனுப்புவது என்று தெரியாமல் வீட்டில் கேசரி கிண்டிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ராத்திரி பகலாக வீடியோ பார்த்துப் பாடம் படித்தேன். ரெஸ்யூம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. என்ன சாதித்தாய் என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். எழுத்து வேலை கேட்கிறவள் எழுதியதற்கு மாதிரி காட்ட வேண்டும். நான் எழுதியது என்று காட்ட என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது எங்கள் வீட்டு மோட்டாருக்கு நான் எழுதிய கையேடு.

எங்கள் வீட்டில் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் இருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கு ஒரு மோட்டார் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை, அதாவது என் மாமியார், அதை எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இது: "மஞ்ச வால்வ அங்கிட்டுத் திருப்பு, நீல வால்வ இங்கிட்டுத் திருப்பு, ஒரு செம்பு தண்ணிய ஊத்திப்புட்டு சுவிச்சப் போடு. அம்புட்டுத்தான்." எது அங்கிட்டு, எது இங்கிட்டு என்று தெரியாமல் நான் உப்பு போர்த் தண்ணீரை நல்ல தண்ணீரில் கலந்துவிட்டதில், ஒரு வாரம் வீடே உப்புக் காப்பி குடித்தது. அந்த ரோஷத்தில் பதின்மூன்று படிகளாக எழுதி, லேமினேட் செய்து, சுவிட்சுக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருந்தேன்.

இதை ரெஸ்யூமில் இப்படி ஏற்றினேன்: 'வீட்டு நீரேற்றும் அமைப்புக்குப் பதின்மூன்று படிகள் கொண்ட கையேடு. பயனர்கள் நால்வர். முன் அனுபவம் இல்லாதவரும் பிறர் உதவியின்றி இயக்கலாம்.' நால்வர் என்பது நான், அத்தை, என் கணவர் அருள், அப்புறம் அந்த அட்டைக்குப் பின்னால் குடியிருந்த பல்லி. நால்வரில் கையேட்டோடு அதிக நேரம் செலவழித்தது பல்லிதான்.

பத்தே நாளில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டு சாமான்களுக்குத் தமிழில் கையேடு எழுத ஆள் வேண்டுமாம். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். இந்த வேலையும் போனால் பழையபடி பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். அருள் டைல்ஸ் கடையில் லீவு சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்ட சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். (அவரை யாரும் கூப்பிடவில்லை.)

திரையில் ஒரு மேடம் வந்தார். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. அப்புறம் என் ரெஸ்யூமைக் கையில் எடுத்தார்.

"ஏனுங்க, இந்த மோட்டார் கையேடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. யாரு வேணா உதவி இல்லாம ஓட்டலாம்னு போட்டிருக்கீங்க. வீட்டுல மோட்டார் போட்டுப் பழக்கமில்லாத ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

மோட்டாரைத் தொடாத ஆள் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தது. பிறந்து வளர்ந்த வீட்டில் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அருளுக்குத் தெரியாது. அவரைத் திரைக்கு முன்னால் இழுத்துவிட்டேன்.

"அவரையே படிச்சுச் செய்யச் சொல்லுங்க. நாங்க பார்த்துட்டே பேசறோம். ஆனா நீங்க அவருக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்க."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லில் வைத்தேன். அருள் அட்டையைப் பார்த்து, சர்ச்சில் வாசகம் வாசிக்கிற குரலில், ஒவ்வொரு படியாக வாசித்துச் செய்தார். மஞ்சள் வால்வு திரும்பியது. நீல வால்வு திரும்பியது. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. மேடம் கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"படி பதின்மூன்று," என்று அருள் வாசித்தார். "தொட்டி நிறையும்வரை காத்திருக்கவும்." கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நான் இந்தப் பக்கம் பொளந்து கட்டினேன். வாசகர் மனதில் புகுந்து எழுத வேண்டும் என்றேன். எழுதுகிறவள் எதையும் விட்டுவிடக் கூடாது என்றேன். அப்போது தலையில் ஒரு சொட்டு விழுந்தது. வேர்வை என்று துடைத்துக்கொண்டேன். இரண்டாவது சொட்டு மூக்கில் விழுந்தது. உச்சி வெயிலில் அண்ணாந்து பார்த்தால், தொட்டி வழிந்து, மொட்டைமாடித் தூம்பு வாயைத் திறந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிடம் எங்கள் துவைக்கிற கல் குற்றாலமாகிவிட்டது.

நான் லேப்டாப்பை மடியில் அள்ளிக்கொண்டு, அருளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். புருவத்தை ஆட்டினேன். அவர் நான் ஏதோ ஜாடையில் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்து, நேர்மையாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தலையில் இருந்து தண்ணீர் ஒழுக ஒழுக நின்றார். அத்தை ஓடிவந்து லேப்டாப்புக்கு மட்டும் குடை பிடித்தார். சந்து வழியாக ஓடிய தண்ணீரைப் பார்த்து மூன்று பேர் குடத்தோடு வந்துவிட்டார்கள். பத்து நாளுக்கு ஒரு தடவை வருகிற நல்ல தண்ணீர், யார் சும்மா இருப்பார்கள். "பேட்டி நடக்குது, சத்தமில்லாமப் பிடிங்க," என்று அத்தை அவர்களை வரிசையில் நிறுத்தினார்.

மேடம் கேட்டார், "சார், தொட்டி நிறைஞ்சிருச்சுங்களே, நிறுத்தலீங்களா?"

"அதுல போடலைங்க மேடம். பதின்மூணோட முடிஞ்சிருச்சு," என்றார் அருள். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "எழுதாததச் செஞ்சா உனக்கு வேலை போயிரும்ல."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, மண்டையில் நாலு போடவும் தோன்றியது. ஓடிப் போய் நானே சுவிட்சை அணைத்தேன்.

"அப்போ வழக்கமா இதை யாருங்க நிறுத்துவாங்க?" என்றார் மேடம்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் யாரும் தங்கள் வீட்டு மோட்டாரைத் தாங்களாக நிறுத்துவதில்லை. போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். தொட்டி வழிந்தால் எதிர்வீட்டு பாக்கியம் அக்கா, "ஏத்தா, தண்ணி போகுது" என்று தெரு அதிரக் கத்துவார். நாங்கள் போய் அணைப்போம். அவர் வீட்டுத் தொட்டிக்கு நாங்கள் கத்துவோம். இதில் எழுத என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நான் விட்டுவிட்டேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த அக்கா தவறியதில்லை.

"பாக்கியம் அக்காங்க மேடம்," என்றேன்.

குடைக்குள் இருந்து அத்தை திரையில் தலையை நீட்டினார். "அவ விடியக்காலமே பழனிக்குப் போயிட்டாத்தா. பேத்திக்கு மொட்ட."

மேடம் சிரித்த சிரிப்பில் அவர் மேஜை ஆடியது தெரிந்தது. "சரிங்க, பார்த்துட்டுச் சொல்றோமுங்க," என்று வைத்துவிட்டார். பார்த்துட்டுச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் கேட்டுப் பழகிய எனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். வேலை போயிற்று, தண்ணீர் போயிற்று, தெருவே குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்துவிட்டது.

சாயங்காலம் வரை அழுதுவிட்டு, வெறி வந்த மாதிரி ரெஸ்யூமைத் திறந்தேன். நால்வரை அழித்தேன். பிறர் உதவியின்றி என்பதை அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: 'வீட்டு மோட்டாருக்குப் பதின்மூன்று படிகளில் கையேடு எழுதினேன். என் கணவர் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதில் தொட்டி வழிந்தது. மோட்டாரை நிறுத்தும் படியை எழுதவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இப்போது பதினான்கு படிகள். புதிய ஆளை வைத்துச் சோதித்தாயிற்று.' (புதிய ஆள் மேலத்தெரு கொரியர்க்காரர். பாவம், கையெழுத்து வாங்க வந்தவர்.) எப்படியும் கிடைக்கப்போவதில்லை, உண்மையாவது போகட்டும் என்று மேடத்துக்கே அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேடமே கூப்பிட்டார். "ஏனுங்க, நூறு ரெஸ்யூம் பார்த்தேனுங்க. எதை விட்டோம்னு எழுதினவங்க நீங்க ஒருத்தர்தானுங்க. ஒண்ணாம் தேதி சேர்ந்துக்கறீங்களா?" நான் சரி என்று சொன்னேனா, கத்தினேனா என்று ஞாபகமில்லை. அருள் தொட்டிதான் வழிகிறது என்று மாடியில் இருந்து இறங்கி ஓடிவந்து, மோட்டாரை அணைக்கப் போனார்.

அன்றைக்கே பழனியில் இருந்து திரும்பிய பாக்கியம் அக்கா பஞ்சாமிர்த டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அப்ப நான் ஊர்ல இல்லாததாலதான உனக்கு வேலை கிடைச்சிருக்கு."

அதில் இருந்து ஒவ்வொரு வருடமும் எனக்குச் சம்பளம் கூட்டுகிற மாதம் வந்தால் போதும், அக்கா எதிர்மாடியில் இருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார்: "ஏத்தா, நான் வேணும்னா பழனிக்குப் போயிட்டு வரட்டா?" வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். போன வருடம் நிஜமாகவே போய்விட்டார். சம்பளம் கொஞ்சம்தான் கூடியது.

"கூட்டமா இருந்துச்சுத்தா, சாயங்காலமே திரும்பிட்டேன், அதான்," என்றார் அக்கா. "இந்தத் தடவ லாட்ஜுல ரூம் போட்டுத் தங்கிட்டு வாரேன்."